அளந்த இலக்கமும் எழுதிய இலக்கமும்

‘விடையை எத்தனை தசமதானத்துக்கு எழுதுவது?’ பௌதிகம் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே முட்டுப்படும் கேள்வி இது. யாழ்ப்பாணத்து உயர்தர வகுப்புகளில் இது வேணியர் இடுக்கிமானியோடு வந்தது. ஹூஸ்ரனுக்கு மேற்கே, ஒரு காலத்தில் நெல் விளைந்து இன்று வீடு விளையும் கேட்டி நகரத்தில் எம்மவர் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமாக வருகிறது. விதி எளிமையானது. மில்லிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்தால் அளந்தவன் 12.3 சென்ரிமீற்றர் என்று எழுதலாம். கண்ணால் மதித்து இன்னுமோர் இலக்கத்தைச் சேர்க்கலாம். 12.34857 என்று எழுதினால் அவன் பொய் சொல்கிறான். கணிப்பான் பத்து இலக்கங்களைக் காட்டுவது கணிப்பானின் சுபாவம். அவற்றில் கருவி பொறுப்பேற்கும் இலக்கங்கள் மட்டுமே ‘பொருளுடை இலக்கங்கள்’. மற்றவை வெறும் மை.

இந்த விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்தவர்கள் நாம். அதற்கு வெளியே அதை எடுத்துப் போனதில்லை. எமது வரலாற்றுப் பெருமைகளிலும், காணி உறுதிகளிலும், இறந்தோர் கணக்கிலும் இலக்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் எந்த இலக்கம் அளந்து வந்தது, எது கணக்கேட்டில் வந்தது என்று பிரித்துக் கேட்கும் பழக்கம்தான் எம்மிடம் இல்லை. இக்கட்டுரை அந்தப் பிரிப்பைப் பற்றியது.

முதலில் பெருமையிலிருந்து தொடங்கலாம். முதலாம் இராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றி எழுதும் எவரும் தவறாமல் எடுத்தாளும் ஓர் எண் உண்டு. ஒரு வேலி நிலத்தின் 52,428,800,000 இல் ஒரு பங்குவரை சோழர் அளந்து வரி விதித்தார்கள் என்பது அது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் படித்த அறிஞர்கள் முதலில் சொன்னார்கள். பின்னர் வரலாற்று நூல்கள் சொல்லின, இப்போது மேடைகள் சொல்கின்றன. எண்ணில் பிழையில்லை. 320 ஐ நான்கு தடவை தன்னோடு பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். முந்திரி என்பது 320 இல் ஒன்று. அதன் கீழும் ஒரு முந்திரி, அதற்குக் கீழும் ஒன்று என்று படிப்படியாக இறங்கும் ‘கீழ்’ வாய்பாடு எமது பழைய பின்னக் கணக்கின் அழகு.

ஆனால் ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அதை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அரைச் சதுர மில்லிமீற்றர். ஓர் எறும்பு நிற்பதற்குக்கூட இடம் காணாது. வயல் வரம்பில் கோலை வைத்து அளந்த எந்த மனிதனும், அவன் உலகளந்தான் கோலையே பிடித்திருந்தாலும், அரைச் சதுர மில்லிமீற்றரை அளந்திருக்க முடியாது. கோலின் நுனி அதைவிடப் பருமன். வரம்பில் ஒரு நண்டு வளை தோண்டினாலே அந்த நுட்பம் முழுவதும் போய்விடும்.

அப்படியானால் கல்லில் பொய் வெட்டினார்களா? இல்லை. அந்தக் கல்வெட்டுகளை வாசிக்கும்போது அந்தப் பின்னம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். ஓர் ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று முதலில் வரும். பிறகு கழிவுகள்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. இவை இறையிலி, வரி கொடாதவை. இவற்றைக் கழித்து நீங்கிய நிலம் இவ்வளவு, அதற்குக் காணிக்கடன் இவ்வளவு நெல் என்று முடியும். அதாவது அந்த நீண்ட பின்னம் கோலில் பிறந்ததல்ல, கழித்தலிலும் பெருக்கலிலும் பிறந்தது. கணக்கன் எந்தத் துணுக்கையும் விடவில்லை. விட்டால் மொத்தம் பொருந்தாது. பொருந்தாவிட்டால் நெல் எங்கே போயிற்று என்று கேள்வி வரும். இங்கு இலக்கங்கள் நிலத்தின் அளவுக்குச் சாட்சியல்ல, ஏட்டின் ஒழுங்குக்கே சாட்சி. (பறைச்சேரியில் வாழ்ந்த மனிதர் இந்தப் பேரேட்டில் ஒரு கழிவாக மட்டுமே தோன்றுகிறார்கள் என்பதைப் பெருமை பேசுவோர் எவரும் சொல்வதில்லை. அது தனிக்கட்டுரைக்குரியது.)

சோழ அளவையின் உண்மையான சாதனை அந்தப் பின்னத்தில் இல்லை. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் கோடாக வெட்டி வைத்தார்களே, அதில் இருக்கிறது. பல கோயில்களில் அந்தக் கோடுகளை இன்றும் காணலாம். வரி கொடுப்பவனும் வரி வாங்குபவனும் ஒரே கோட்டுக்குப் போய்த் தமது கோலை வைத்துப் பார்க்க முடியும். ஓர் எண்ணைச் சந்தேகிப்பதற்கான பொது இடம் அது. அரைச் சதுர மில்லிமீற்றரைப் பற்றிப் பேசியே நாம் அந்தக் கோட்டை மறந்துவிட்டோம்.

அதே பெரிய கோயிலுக்கு 1808 இல் வேறொரு வகை அளவைக்காரர்கள் வந்தார்கள். திப்பு சுல்தான் 1799 இல் வீழ்ந்த பின், கம்பெனி தன் கைக்கு வந்த நாட்டின் வடிவத்தை அறிய விரும்பியது. வில்லியம் லாம்ப்ரன் என்ற படை அதிகாரி 1802 ஏப்ரலில் சென்னையின் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமான ஓர் அடித்தளக் கோட்டை அளந்து தொடங்கினார். அதுவே பின்னாளில் இமயம்வரை சென்ற மாபெரும் முக்கோண அளவை. அவர் கையிலிருந்த நூறடி உருக்குச் சங்கிலி, சீனப் பேரரசனுக்குப் பரிசாகக் கொண்டு போகப்பட்டு அங்கு மதிக்கப்படாமல் திரும்பி, கல்கத்தாவில் விலைக்கு வந்தது. கோணம் அளக்கும் அரை ரன் நிறைகொண்ட தியோடலைற்று கடலில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மொரீசியசுக்குப் போய், பிறகு சென்னைக்கு அனுப்பப்பட்டது. பேரரசுகளின் கருவிகள் பேரரசுகளின் வழியிலேயே பயணம் செய்கின்றன.

தஞ்சை சமவெளியில் மலை ஏது? கோபுரங்களே குன்றுகள். தியோடலைற்றைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிற்றால் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. வேறொருவராயின் அளவையை அத்தோடு மூட்டை கட்டியிருப்பார். லாம்ப்ரன் அதைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு போய், கழற்றி, நெளிந்த வட்டத்தை ஆறு வாரமாகத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். நீண்ட பின்னம் வெட்டப்பட்ட சுவரும் கோணமானி மோதிய சுவரும் ஒரே கோயிலின் சுவர்கள். அளவையின் வரலாற்றை எழுத எமக்கு வேறு தலம் வேண்டியதில்லை.

லாம்ப்ரனின் எண்களிலும் தசமங்கள் நிறைய உண்டு. ஆனால் அவை எப்படி வந்தன என்று பாருங்கள். உருக்குச் சங்கிலி வெயிலில் நீளும். நூறடிக்கு, ஒரு பாகை பரனைற்று கூடினால், ஓர் அங்குலத்தின் நூறிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அற்பம்தான். ஆனால் ஏழரை மைலுக்குச் சங்கிலியை நானூறு தடவை கிடத்த வேண்டும். ஒரு பாகைத் தவறு முழுக்கோட்டில் மூன்று அங்குலமாகிவிடும். ஆகவே சங்கிலிக்குக் கூடாரம், நிழல், பெட்டி, பக்கத்தில் வெப்பமானிகள். ஒவ்வொரு கிடத்தலுக்கும் வெப்பம் குறிக்கப்பட்டது. இதற்கும் மேலாக, 1804 இல் பெங்களூர் அருகே இரண்டாவது கோடொன்றை அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்கிட்டு வந்த நீளமும் தரையில் நேரடியாக அளந்த நீளமும் ஒத்துப் போகின்றனவா? நாலு அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அவர் மறைக்கவில்லை, அறிக்கையில் எழுதினார். அவருடைய மற்ற எண்கள் எல்லாம் நம்பத்தக்கவையானது அந்த எழுத்தினால்தான். ‘வழு’ என்று எமது பௌதிகப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். பிழை வேறு, வழு வேறு. எவ்வளவு தெரியாது என்பதையும் ஓர் எண்ணாகச் சொல்வது வழு.

இதைச் சொல்லும்போது காலனியத்துக்கு வக்காலத்து வாங்குவதாகச் சில நண்பர்கள் சினப்பார்கள். லாம்ப்ரனின் வலைப்பின்னல் வரி வாங்கவும் படை நடத்தவும் வழி செய்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. இராஜராஜனின் கோலும் அதையேதான் செய்தது. அளவை அதிகாரத்தின் வேலையாக இருந்ததால் அதன் முறையை அதிகாரத்திடமே விட்டுவிட வேண்டும் என்றாகாது.

அளவில் இலக்கம் ஒரு பாதி, அலகு மறு பாதி. இந்திய அளவையின் ‘அடி’ இங்கிலாந்தின் அடியோடு முற்றிலும் ஒத்ததல்ல. ஜோர்ஜ் எவரெஸ்ற் 1830 இல் பூமியின் பெரிய அரையச்சை 20,922,931.80 இந்திய அடி என்று கணித்தார். பத்து இலக்கங்கள். இந்தியாவில் அதை மீற்றராக்கியபோது 6,377,276 என்று வந்தது. மலாயாவின் வரைபடத்துக்கு அதே எண்ணை வேறோர் அடியால் மாற்றினார்கள், 6,377,304 வந்தது. பூமி மலாயாவில் ஏறத்தாழ 28 மீற்றர் பருத்துவிட்டது! யாரும் பிழையாக அளக்கவில்லை, யாரும் பிழையாகப் பெருக்கவுமில்லை. ‘அடி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது, அவ்வளவே. அலகு மாற்றத்தின் ஆபத்துக்குப் பௌதிக ஆசிரியர்கள் 1999 இல் செவ்வாய்க்கு அருகில் தொலைந்த விண்கலத்தை உதாரணம் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கேட்டியிலேயே பார்க்கலாம். இங்கு வீடு வாங்கும் எம்மவர் பழைய காணிப் பத்திரத்தைத் தோண்டிப் பார்த்தால் ‘வாரா’ என்ற சொல்லைக் காண்பர். ஸ்பானியரின் கோல் அது. மெக்சிக்கோவின் ஆட்சியில் 1820களில் குடியேறியோருக்கு நிலம் வாராவில் அளந்து கொடுக்கப்பட்டது. ஆயிரம் வாரா சதுரம் ஒரு ‘லபோர்’, உழுவதற்கு. ஐயாயிரம் வாரா சதுரம் ஒரு ‘லீக்’, மாடு மேய்ப்பதற்கு. வாரா ஊருக்கு ஊர் வேறுபட்டது. ரெக்சாஸ் 1919 இல் சட்டம் போட்டு அதை 33⅓ அங்குலம் என்று நிறுத்தியது. முப்பத்தாறு வாரா நூறடி என்று கணக்குச் சுத்தமாக வருவதற்கு அது வசதி. கலிபோர்னியாவில் அது 33 அங்குலமளவில் நின்றது. நீளத்தில் நூற்றுக்கு ஒன்று, பரப்பில் நூறு ஏக்கருக்கு இரண்டு ஏக்கர் வித்தியாசம்.

வாராவோடு முடியவில்லை. அமெரிக்காவில் அண்மைக்காலம்வரை இரண்டு அடிகள் இருந்தன. 1959 இல் சர்வதேச அடி 0.3048 மீற்றர் என்று சரியாக வரையறுக்கப்பட்டது. நில அளவையாளர் மட்டும் 1893 இன் பழைய அடியை வைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் பத்து இலட்சத்தில் இரண்டு, ஒரு மைலுக்கு எட்டிலொரு அங்குலம். ஒரு வீட்டு வளவுக்குள் இதைக் காணவே முடியாது. ஆனால் ஹூஸ்ரன் பகுதியின் அரச ஆள்கூற்று முறையில் வடக்குத் தூரங்கள் ஒரு கோடியே முப்பது இலட்சம் அடிக்கு மேல். அதைப் பத்து இலட்சத்தில் இரண்டால் பெருக்கினால் 27 அடி. மீற்றரில் வந்த ஆள்கூற்றைப் பிழையான அடிக்கு மாற்றினால் உங்கள் வேலி அயலவரின் வரவேற்பறைக்குள் போகும். 2022 டிசம்பர் முடிவோடு பழைய அடிக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. பழைய வரைபடங்களுக்கு யார் ஓய்வு கொடுப்பது?

எமது ‘பரப்பு’ம் இத்தகைய ஒன்றே. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணி பரப்பிலும் குழியிலும் வரும். அதன் வேர் நீளத்தில் இல்லை, விதையில் இருக்கிறது. இவ்வளவு விதை விதைக்கப் போதுமான நிலம் என்பதே தொடக்கம். எனவே வரகு விதைக்கும் காணிக்கு ஒரு கணக்கும் நெல் விதைக்கும் வயலுக்கு வேறொரு கணக்கும் இருந்தன. பிறகு ஏக்கர் வந்தது. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச் என்று சமன்பாடு நிலைத்தது. விதையின் அலகு சங்கிலியின் அலகுக்குள் அடைபட்டது. உழைப்பையும் மண்ணின் குணத்தையும் சேர்த்துச் சொன்ன சொல் வெறும் சதுர அடியாயிற்று. இந்த மாற்றத்தில் கணக்குப் பிழை இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தவறிப்போனது.

2013 இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்துக்கென 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது அந்த மாற்றம் மறுபக்கமாகத் திரும்பியது. 6,381 ஏக்கர் என்றால் 102,096 பரப்பு. நலன்புரி முகாம்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த உரித்தாளர்களுக்கு 6,381 எதையும் சொல்லவில்லை. ‘எங்கடை மூண்டு பரப்பு’ மட்டும் சொன்னது. அரசு மொத்தமாகக் கூட்டியதை மக்கள் தம் அலகில் பிரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தனித்தனியாக நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். நான்கு இலக்க ஏக்கர் எண்ணுக்கு எதிராக, ஒன்றும் இரண்டும் இலக்கமான பரப்பு எண்கள்.

இனி வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

2009 வன்னிப் பேரழிவைப் பற்றி இரண்டு எண்கள் எம்மிடையே அதிகம் புழங்குகின்றன. ஒன்று 40,000. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல், நாற்பதாயிரம்வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது என்றது. பௌதிக விதிப்படி இது ஒரே ஒரு பொருளுடை இலக்கம் கொண்ட எண்; நான்கு பூச்சியங்களும் இடம் பிடிப்பவை. சொன்னவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், ‘வரை’ என்றும் ‘நிராகரிக்க முடியாது’ என்றும். மற்றது 146,679. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது. ஆறு இலக்கங்கள்.

இந்த ஆறு இலக்கங்களையும் எம்மவர் இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். ஒரு சாரார் ‘ஒன்றரை இலட்சம் பேர் கொல்லப்பட்டனர்’ என்று உருட்டிச் சொல்கிறார்கள். மறு சாரார், கல்விமான்கள், கடைசி ஆள்வரை எப்படி எண்ண முடியும், இது மிகை என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் அந்த எண்ணை வாசிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அது எப்படி வந்தது? முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 146,679. ஆயர் அதை மரணம் என்று சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். தஞ்சைச் சுவரில் கண்ட அதே செயல்தான் இது: மொத்தம், கழிவு, மீதி. அதன் கடைசி மூன்று இலக்கங்கள் துல்லியத்தைச் சொல்ல வரவில்லை. இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது இரண்டின் வழுவும் மீதியின் தலையில் ஏறும் என்பதை எந்த மாணவனும் அறிவான். பூனையின் நிறையை அறிய, அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் தனியாக ஏறிக் கழிப்பவனுக்கு நேர்வது அதுதான். கச்சேரிப் பதிவில் இரட்டிப்புகள் இருந்திருக்கலாம். முகாமுக்கு வராமல் தப்பியவர்கள் உண்டு. படகேறியவர்கள் உண்டு. இறந்த போராளிகளும் இந்த மீதிக்குள் வரலாம். ஆகவே ‘கணக்கில் வராதோர்’ என்ற அலகைக் ‘கொல்லப்பட்டோர்’ என்ற அலகுக்கு மாற்ற ஒரு காரணி வேண்டும். அந்தக் காரணி எம் கையில் இல்லாதபோது மாற்றிச் சொல்வது, இந்திய அடியை இங்கிலாந்து அடியென்று பெருக்குவதற்குச் சமம்.

ஆனால் 679 ஐ வெட்டிவிட்டு ‘ஒன்றரை இலட்சம்’ என்பதும் ‘சுமார் 147,000’ என்பதும் வேறொரு தவறு. பாடப்புத்தகம் வெட்டச் சொல்லும். இங்கு வெட்டக்கூடாது. அந்த இலக்கங்கள் ஒரு முகவரி. இந்த இரண்டு ஏடுகளைத் திறந்து பார் என்று அவை சொல்கின்றன. அவற்றில் முதலாவது அரசின் சொந்த உத்தியோகத்தர்கள் வைத்திருந்த ஏடு. உருட்டினால் முகவரி அழிந்துவிடும், எண் எவருடையதுமாகிவிடும். பிறகு அதை மறுப்பது எவருக்கும் எளிது.

அரசின் எண்களையும் இதே தராசில் வைக்க வேண்டும். 2009 இன் தொடக்கத்தில் அங்கு எழுபதாயிரம் பேரளவே இருக்கிறார்கள் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. உணவும் மருந்தும் அந்த எண்ணுக்கு ஏற்பவே பேசப்பட்டன. பின்னர் வெளியே வந்தவர்கள் அதைப்போல் நான்கு மடங்கு. நான்கு மடங்கு தவறுவதை எந்த ஆய்வுகூடத்திலும் வழு என்று அழைக்கமாட்டார்கள். இறந்த பொதுமக்கள் தொகைக்கு அது நெடுநாள் சொன்ன எண் பூச்சியம். பூச்சியத்துக்கு எத்தனை பொருளுடை இலக்கம் என்று கேட்டால் பௌதிக ஆசிரியர்களே தடுமாறுவார்கள். அளந்து கண்ட பூச்சியம் ஒன்று உண்டு, அளக்க விடாமல் எழுதிய பூச்சியம் வேறொன்று.

இரண்டாவது அடித்தளக் கோட்டை அளக்கும் வேலையைச் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி, உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டமும் மனித உரிமைத் தரவுகளை ஆயும் அமெரிக்க அமைப்பொன்றும் 2018 இல் செய்த ஆய்வு அவ்வகையானது. வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே சேர்த்த பெயர்ப் பட்டியல்களை எடுத்தார்கள். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்திருந்தால் ஒன்றாக்கினார்கள். பிறகு, ஒரு பட்டியலில் உள்ள பெயர்கள் மற்றப் பட்டியல்களிலும் எவ்வளவு வருகின்றன என்று பார்த்தார்கள். பட்டியல்கள் பெரிதும் மேற்பொருந்தினால் விடுபட்டோர் குறைவு. ஒன்றையொன்று அறியாதவையாக இருந்தால் எந்தப் பட்டியலிலும் ஏறாதோர் அதிகம். அதிலிருந்து விடுபட்டோரின் தொகையை, கீழ் எல்லையும் மேல் எல்லையுமாக மதிப்பிடலாம். மூன்று நாட்களுக்கும் ஒரு சிறு நிலத்துண்டுக்கும் மட்டுமே அது செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டியவை பெயர், கிராமம், கடைசியாகக் கண்ட திகதி, கண்டவர் யார் என்ற நான்கு தகவல்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் அவை இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன. சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.